விளக்குப் போட்ட பிறகு

விளக்குப் போட்டுவிட்டால் பெண்கள் களத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஈரக் காலணி கூடாது, உள்ளே தின்பண்டம் கூடாது, வளையத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது என்று வாசலருகே இருந்த பலகையில் பதினொரு 'கூடாது'கள் இருந்தன. அவற்றுள் குறைந்தது ஒன்பது நாள்தோறும் மீறப்பட்டன. பலகையில் இல்லாத இந்த ஒன்றை மட்டும் எவரும் மீறவில்லை. எழுதிவைத்த விதியைக் கண்டும் காணாமல் போய்விடலாம். எழுதாத விதியை மீற வேண்டுமானால், அப்படியொன்று இருக்கிறதென்று முதலில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் ஆளில்லை.

அரங்கில் களம் ஒன்றுதான், அணிகள் இரண்டு. பிற்பகல் இரண்டு மணிமுதல் பெண்கள் ஆடினர். நான்கரைமுதல் ஏழுவரை ஆண்கள். கூரையில் தொங்கிய விளக்குகள் பழையவை. விசையைத் தட்டியதும் முதலில் வண்டு போல ரீங்காரமிடும், பிறகு நீலமாக முழிக்கும், பத்து நிமிடம் கழித்தே முழு வெளிச்சத்துக்கு வரும். ஆகையால் ஆண்களுக்காக நான்கு இருபதுக்கே விசை தட்டப்பட்டது. ரீங்காரம் காதில் விழுந்ததும் பெண்கள் தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடுவார்கள். அந்த அணி தொடங்கிய ஆறு ஆண்டுகளில் ஒரு பெண்கூடத் தன் சொந்த அரங்கை விளக்கு வெளிச்சத்தில் களத்தில் நின்று பார்த்ததில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே வீட்டின் கையில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஆண்கள் அணியின் பயிற்சியாளரும் பெண்கள் அணியின் பயிற்சியாளரும் கணவன் மனைவி. விளக்கு விசையும் தரை துடைக்கும் மாப்பும் மனைவியின் தம்பியிடம் இருந்தன; அவனுக்கு 'மாப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணவனின் அக்கா, தையலக்கா, முன்னறையில் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு அணிகளுக்கும் உடை தைத்தாள். ஆண்களுக்குப் புதுத்துணியிலும், பெண்களுக்கு ஆண்களின் சென்ற ஆண்டுச் சட்டைகளைப் பிரித்தும். அரங்கின் பின்சுவரை ஒட்டிய இரண்டறை ஊழியர் குடியிருப்பில் இந்த நால்வரும் வசித்தனர். பந்து சுவரில் மோதினால் சமையலறைத் தட்டுகள் அதிரும்.

அந்த வீட்டுக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. திருமணமான புதிதில் தடுப்பாட்டம் ஆளுக்கு ஆளா, இடத்துக்கு இடமா என்று தொடங்கிய விவாதத்தில் அடுப்பிலிருந்த சோறு கரியாகி, பாத்திரமும் ஓட்டையாகிவிட்டது. அன்றுமுதல் வீட்டில் ஆட்டப் பேச்சு இல்லை.

இப்போது அந்த மௌனம் ஒரு சிக்கலில் வந்து மாட்டிக்கொண்டது. பெண்கள் அணி, வரலாற்றில் முதல்முறையாக, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியின் இறுதியாட்டத்துக்குப் போயிருந்தது. சனிக்கிழமை மாலை ஆறரைக்கு ஆட்டம். இடமும் அவர்களுடைய சொந்த அரங்கே. ஊரெல்லாம் வாழ்த்தியது. அவர்களுடைய பயிற்சியாளருக்கு மட்டும் அதில் மனம் ஒட்டவில்லை.

திங்கட்கிழமை வேறொரு வளாகத்தில் நடந்த அரையிறுதியே காரணம். அதுவும் மாலையாட்டம். தூரத்திலிருந்து எறிந்த இருபத்திரண்டு பந்துகளில் இரண்டுதான் உள்ளே விழுந்தன. 'ஏணி' என்று அழைக்கப்பட்ட நெட்டைப் பெண் வளையத்தடியிலேயே குடியிருந்து, மற்றவர்கள் தவறவிட்டதையெல்லாம் பொறுக்கிப் போட்டதால் ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். திரும்பும் பேருந்தில் எல்லோரும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்க, ஸ்பிரிங்கு என்ற குட்டையான அணித்தலைவி பயிற்சியாளரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், இன்னிக்கு ரிங்கு தள்ளிப் போயிருந்துச்சு."

"ரிங்கு எங்கயும் போகாது. நீதான் போயிருப்ப."

"சத்தியமா மேடம். எல்லாமே ஒரு சாண் முன்னாடியே விழுது."

"எங்க பாத்து எறிஞ்ச?"

ஸ்பிரிங்கு யோசித்தாள். தன் கண் எங்கே பார்க்கிறது என்று அவளை யாரும் இதுவரை கேட்டதில்லை. "எப்பவும் பாக்குற இடம்தான். போர்டுல ரிங்கோட நிழல் சாய்வா விழும்ல, அதுக்குக் கொஞ்சம் மேல." கையை உயர்த்தி எறிவதுபோல் காட்டினாள், பாதியில் கை நின்றுவிட்டது. "மேடம், இன்னிக்கு நிழலே இல்ல."

பயிற்சியாளருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுடைய அரங்கில் பிற்பகல் வெயில் மேற்குப் பக்கத்து உயர்ந்த ஜன்னல்களின் வழியே சாய்வாக வரும். வளையத்தின் நிழல் பலகையில் விழும். பதினொரு பெண்களும் ஆண்டுக்கணக்கில் வளையத்தைப் பார்த்து எறிவதாக நினைத்துக்கொண்டு அந்த நிழலைப் பார்த்தே எறிந்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சமோ தலைக்கு நேர்மேலே இருந்து கொட்டும். நிழல் தரையில் போய் விழுந்துவிடும். அந்த நிழலைக் கைவிட்டு வளையத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்க ஓரிரு முழு மாலைகளாவது வேண்டும். அந்த மாலைகள் வேறொருவருடையவை.

செவ்வாய்க்கிழமை காலையில் உடற்கல்வி இயக்குநரிடம் போனாள். அவர் தேநீரில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த வாரம் மட்டும் எங்களுக்குச் சாயங்காலம் கோர்ட்டு வேணும்."

"தாராளமா எடுத்துக்கோங்க. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர்கிட்ட இன்னும் கேக்கல."

ரொட்டி தேநீருக்குள் முறிந்து விழுந்தது. அதைக் கரண்டியால் துழாவிக்கொண்டே இயக்குநர் சொன்னார்: "ஏம்மா, ஒரே அடுப்புல சமைக்கிறீங்க, ஒரே தட்டுல சாப்பிடுறீங்க. நடுவுல என்னைய எதுக்கு இழுக்குறீங்க? நான் ஒரு உத்தரவு போட்டா அவர் என்கூடப் பேச மாட்டார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. வீட்டுலயே பேசிக்கோங்க."

வீட்டில் பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவளைத் தடுத்தது அந்தப் பழைய ஒப்பந்தம் மட்டுமன்று. சென்ற வாரம் ஆண்கள் அணி காலிறுதியில் தோற்றிருந்தது, அதுவும் எல்லோரும் மென்று துப்பிவிட்டுப் போகும் ஓர் அணியிடம். முகம் மழிக்கும்போது பாட்டுப் பாடுவது கணவனின் வழக்கம். அன்றுமுதல் குளியலறையில் சவரக்கத்தியின் சத்தம் மட்டுமே கேட்டது. இந்த நேரத்தில் போய்க் களத்தைக் கேட்டால், 'நீங்கதான் தோத்துட்டீங்களே, உங்களுக்கு எதுக்கு?' என்று கேட்பதாக ஆகிவிடும். அதை அவள் எந்தச் சொல்லில் சுற்றிப் பார்த்தும் உள்ளே அந்த அர்த்தமே உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் அவள் தன் தம்பியிடம் சொன்னாள். மாப்பு தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இவ்வளவுதானா? வெளிச்சம்தான வேணும்? விசை என் கையில இருக்கு. கவலைய விடுக்கா."

"நீ ஒண்ணும் பண்ணி வைக்காத."

"நான் என்ன பண்ணப் போறேன்."

புதன்கிழமை மூன்று மணிக்குப் பயிற்சி மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, மாப்பு ஜன்னல்களின் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு, அக்காவிடம் சொல்லாமல் விசையைத் தட்டினான். ரீங்காரம் எழுந்தது. பந்தைத் தட்டிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஏணி குனிந்து பாட்டிலை எடுத்தாள். பதினொரு பெண்களும், சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பும் கோழிகளைப் போல, ஒரு வார்த்தை பேசாமல் வரிசையாகக் கோட்டைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி, பயிற்சியாளரும் வந்துவிட்டாள்.

வாசலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"மேடம்," என்றாள் ஏணி, "மணி மூணுதான் ஆகுது."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஸ்பிரிங்குதான் சிரித்தாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லோருமே. உள்ளே மாப்பு காலியான களத்தின் நடுவில் நின்று கத்தினான்: "எங்க போறீங்க எல்லாரும்? உங்களுக்காகத்தான் போட்டேன்!"

"சொல்லிட்டுப் போடக்கூடாதா மாப்பண்ணே? காலு தானா நடந்திருச்சு."

அந்தச் சத்தம் கேட்டு எதிர்க் கட்டடத்திலிருந்து அலுவலகக் கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்து, "என்ன, பசங்க அதுக்குள்ள வந்துட்டாங்களா?" என்று கேட்க, மாப்பு பதறிப்போய் விசையை அணைத்துவிட்டான். அந்த விளக்குகளை அணைத்தால் சூடு ஆறாமல் மறுபடி எரியாது. ஆறி எரிந்தபோது மணி மூன்று நாற்பது. அதற்குள் திரைகளைத் திறந்து வெயிலில் பயிற்சி மறுபடி தொடங்கியிருந்தது. பழக்கமான நிழலைப் பார்த்து எறிந்த எல்லாப் பந்துகளும் அழகாக உள்ளே விழுந்துகொண்டிருந்தன. பயிற்சியாளர் அவற்றில் ஒன்றைக்கூடக் குறிப்பேட்டில் குறித்துக்கொள்ளவில்லை. கண்காணிப்பாளர் மறுபடி எட்டிப் பார்ப்பாரோ என்று, எரிந்த விளக்குகளை மாப்பு அணைத்தான். நான்கு இருபதுக்கு முறைப்படி தட்டினான். எல்லோரும் முறைப்படி இறங்கினார்கள்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழும் ஓசையில் விசில் சத்தம்கூட எடுபடவில்லை. இரண்டரைக்கே அரங்குக்குள் இருட்டு. வளையம் இருக்கும் திசை மட்டும் ஒருவாறு தெரிந்தது. பந்து வருவதைத் தரையின் அதிர்வை வைத்துக் கணித்து ஆடினார்கள்.

"அக்கா, விளக்கைப் போடட்டுமா?" என்று மாப்பு கேட்டான், கூரை ஒழுகும் இடத்தில் வாளியை நகர்த்திக்கொண்டே.

"போட்டா நாங்க இறங்கணுமே," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. மாப்பு அவளையே பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நிமிடம் ஒரு பந்து ஏணியின் மூக்கில் வந்து மோதியது. மூக்கில் ஐஸ் வைத்துக்கொண்டு ஏணி மாப்புவிடம் சொன்னாள்: "நல்லாத்தான் பாஸ் பண்ணினா. மூஞ்சி எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியல."

அன்று இரவு நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும். மழை விட்டபாடில்லை. தையலக்கா சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், பெண்கள் அணிச் சட்டையில் எண்ணை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஏழு ஏற்கெனவே எட்டா இருந்தது," என்றாள். "பிரிச்சுப் பிரிச்சுப் போட்டு இப்ப ஏழாகியிருக்கு. அடுத்த வருஷம் ஒண்ணாக்கிடலாம்."

யாரும் சிரிக்கவில்லை. கணவன் முட்டையை உரித்தான். ஓடு துளித்துளியாக வந்தது.

"நாளைக்கு," என்றான் முட்டையிடம், "பசங்களை வெளியில ஓட விடலாமான்னு பாக்குறேன். ரொம்ப நாளாச்சு ஓடி."

மாப்பு நிமிர்ந்து உட்கார்ந்தான். தையலக்காவின் ஊசி நின்றது. மனைவி உருளைக்கிழங்கைப் பிட்டாள். அவன் அந்த மாலையைத் தனக்குத் தரப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தோற்றதை மறைத்துக்கொண்டு தருகிறான் என்பதும் தெரிந்தது. அதனால் அதை வாங்க மனம் வரவில்லை.

"ஈரத்துல ஓட விடாதீங்க," என்றாள். "வழுக்கி யாருக்காவது கால் பிசகிடும்."

"அதுவும் சரிதான்," என்றான் அவன். அவள் வேண்டாம் என்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. பெண்களின் ஆட்டம் விளக்கடியில் தடுமாறுவதை அவன் திங்கட்கிழமையே பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்திருந்தான். அதை அவளிடம் சொன்னால், இறுதியாட்டத்துக்கு முன்னால் தெம்பைக் குலைத்ததாகிவிடும். ஆகவே மறுபடி முட்டையை உரித்தான்.

மாப்பு தட்டை நகர்த்தினான். "நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேணாம்," என்றார்கள் இருவரும்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்துக் குடுத்தே பதினோரு பொண்ணுங்களத் தோக்கடிக்கப் போறீங்க."

"சாப்பிடுறப்ப ஆட்டப் பேச்சு வேணாம், மாப்ள," என்றான் கணவன்.

"நான் ஆட்டத்தைப் பத்திப் பேசல மாமா. லைட்டப் பத்திப் பேசுறேன். அது மின்சாரம். அதப் பத்திப் பேசலாம்ல?"

தையலக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தம்பியைப் பார்க்காமல், தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தச் சோறு கரிஞ்ச பாத்திரத்தை நான்தான் தேய்ச்சேன். மூணு நாள் தேய்ச்சேன். அப்பகூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வரல." சட்டையை உதறிப் பிடித்து எண்ணைப் பார்த்தாள். "அவனா குடுப்பான்னு நீ உக்காந்திருக்க. நீயா கேப்பன்னு அவன் உக்காந்திருக்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் புள்ள மூக்கு வீங்கி உக்காந்திருக்கு. இதுக்கு நான் சட்டை வேற தைக்கணும்."

"அக்கா," என்றான் கணவன்.

"நான் உன்கிட்ட பேசல. உருளைக்கிழங்கைச் சாப்பிடு."

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. மேற்கு ஜன்னல்களில் பழையபடி வெயில் நிறைந்தது. பெண்கள் நன்றாக ஆடினார்கள். நன்றாக ஆடுகிறோம் என்பதே அவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. பந்து உள்ளே விழும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கு "இது கணக்குல வராது" என்று முணுமுணுத்தாள்.

நான்கு இருபதுக்கு மாப்பு விசைப் பெட்டியருகே போனான். ஒருமுறை அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் நடுவட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் தட்டினான்.

ரீங்காரம் எழுந்தது. பெண்கள் பாட்டில்களை நோக்கிப் போனார்கள். வாசலில் ஆண்கள் அணி வந்து குவிய ஆரம்பித்தது: தோளில் பைகள், கையில் புதிய சட்டைகள், சென்ற வாரத் தோல்வியின் அசட்டுச் சிரிப்பு. அவர்களுக்கு முன்னால் கணவன் நின்றான். வழக்கம்போல, பெண்கள் முழுவதும் இறங்கும்வரை கோட்டுக்கு வெளியே காத்திருந்தான்.

"பாட்டிலைக் கீழ வைங்க," என்றாள் பயிற்சியாளர்.

பெண்கள் நின்றார்கள். ஏணி, குனிந்த வாக்கிலேயே, "மேடம், லைட்டு போட்டாச்சு" என்றாள்.

"தெரியுது." அவள் குரல் உயரவில்லை. ஆனால் பந்துச் சத்தம் நின்றுபோன அரங்கில் அது சுவர்வரைக்கும் போயிற்று. "லைட்டு போட்டா பொம்பளைங்க இறங்கிடணும். அதான?"

அந்தச் சொற்களை அந்த அரங்கில் அதற்கு முன் எவரும் கேட்டதில்லை. வாசலில் ஒரு பையன் தன் தோழனைப் பார்த்து, 'அப்படியா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை.

"அத யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல," என்றாள் அவள். "ஆறு வருஷமா நானும் இறங்கிட்டிருக்கேன். முந்தாநாள் பட்டப்பகல் மூணு மணிக்கே இறங்கினேன். இன்னிக்கு இறங்கல."

பிறகு கோட்டுக்கு அப்பால் நின்ற கணவனைப் பார்த்தாள். வீட்டில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டாள்.

"ஏங்க. ஏழு மணி வரைக்கும் இந்த வெளிச்சம் எனக்கு வேணும். நீங்க தோத்ததனால இல்ல. ஜெயிச்சிருந்தாலும் வேணும்னுதான் சொல்லியிருப்பேன்."

விளக்குகள் நீலத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தன. கணவன் காதைச் சொறிந்தான்.

"ஜெயிச்சிருந்தா குடுத்திருப்பேனான்னு தெரியல," என்றான், ஒளிக்காமல்.

"எனக்குத் தெரியும். அதான் கேக்கல. சொல்றேன்."

ஆண்கள் அணியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். மாப்பு மாப்பின் கட்டையில் முகவாயை ஊன்றிக்கொண்டு, தரையையே உற்றுப் பார்த்தான். பதினொரு பெண்களும் கையில் பாட்டில்களோடு, இறங்குவதா நிற்பதா என்று கால்களுக்குக் கட்டளையில்லாமல் நின்றார்கள்.

கணவனின் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. திரும்பி, விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

"ஸ்பிரிங்கு. அங்கிருந்து எறி."

ஸ்பிரிங்கு பாட்டிலைக் கீழே வைத்தாள். தலைக்கு மேலிருந்து கொட்டும் வெளிச்சத்தில், நிழலில்லாத வெள்ளைப் பலகையை முதன்முறையாகப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். எறிந்தாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்து, உருண்டு, கோட்டருகே நின்ற ஆண்களின் காலடிக்குப் போயிற்று.

"மறுபடி," என்றாள் பயிற்சியாளர்.